நிற்காத குமிழி

எங்கள் தெருவில் அவளை எல்லாரும் 'நிதானம்' என்றுதான் சொல்வோம். முதலில் கிண்டலாக வைத்த பெயர். சைக்கிளில் போகிற பால்காரர்கூட அவள் ஓட்டுகிற பள்ளிக்கூட வேனை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அவள் கண்டுகொள்ளவே மாட்டாள். "லேட்டா போனா டீச்சர் திட்டுவாங்க, அவ்வளவுதானே? திட்டு வாங்குறதுக்காவது பிள்ளைங்க முழுசாப் போய்ச் சேர வேண்டாமா?" என்பாள். என் மகளும் அந்த வேனில்தான் போய்வந்துகொண்டிருந்தாள்.

வேன் வாங்குவதற்கு முன்னால் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள். கல்யாணம் வேண்டாம் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டு, அண்ணன் வீட்டு மாடியறையில் தனியாக இருந்தாள். கீழே முன்பக்கம் அண்ணனின் மெக்கானிக் ஷெட். பின்பக்கம் அண்ணனும் அண்ணியும் குடியிருந்தார்கள். அண்ணனுக்கும் பட்டப்பெயர் உண்டு: 'ரேடியோ'. வாய் ஓயாது. ஆள் இல்லாவிட்டால் இன்ஜினோடு பேசுவார். "என்னடா செல்லம், எங்கடா வலிக்குது?" என்று அவர் ஒரு லாரியைக் கேட்டுக்கொண்டிருந்ததை நானே என் காதால் கேட்டிருக்கிறேன்.

அந்த வேனைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அவர்தான். ஒரு ஹோட்டலில் ஓடிக் களைத்த வண்டி. ஓட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒருதடவை இன்ஜினைத் திறந்து பார்த்துடலாம்" என்றார். "நல்லாத்தானே ஓடுது? ஸ்கூல் திறக்கப் போகுது அண்ணா. நீ திறந்தேன்னா அடுத்த வருஷம்தான் மூடுவே" என்று அவள் அவசரப்படுத்தினாள். வாழ்நாளில் அவள் அவசரப்பட்டது அந்த ஒருமுறைதான் இருக்கும். வண்டியும் அவள் நம்பிக்கையைக் கெடுக்காமல் வருஷக்கணக்கில் ஓடியது.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், வேன் நின்ற இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு சின்னக் குட்டை தேங்கியிருந்தது. ரேடியேட்டரின் கீழ்க் குழாய் வெடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் பழைய தண்ணீரை எல்லாம் வடித்து, உள்ளே அலசி, குழாயையும், சூடேறினால் தண்ணீருக்கு வழி திறக்கிற தெர்மோஸ்டாட்டையும் மாற்றினார். அவள் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தாள்.

"தண்ணி ஊத்திட்டா வேலை முடிஞ்சிடுச்சுன்னு நினைக்காதே" என்று ரேடியோ ஆரம்பித்தது. "உள்ள இருக்கிற சந்து பொந்துல எல்லாம் காத்து போய் ஒளிஞ்சுக்கும். கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளணும். இல்லேன்னா தண்ணி ஓட வழி இருக்காது."

முன்சக்கரங்களைச் சரிவுப் பலகைமேல் ஏற்றி நிறுத்தினார். ரேடியேட்டரின் வாய்தான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்க வேண்டுமாம். காற்று மேலே பார்த்துத்தான் ஓடும். மூடியைத் திறந்துவைத்து, இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே ஓடவிட்டார். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பினார், அந்தக் குழாய்க்குள்ளும் தண்ணீர் போகட்டும் என்று. பிறகு மேல் குழாயைப் பிடித்துப் பிடித்து விட்டார். குபுக் குபுக்கென்று குமிழிகள் வந்தன. தண்ணீர் மட்டம் இறங்க இறங்க ஊற்றினார். நடுவில் அண்ணி பின்கட்டிலிருந்து, "சாப்பாடு ஆறிப்போச்சு, அந்தக் காத்தைச் சாப்பிட்டே வயித்தை நிரப்பிக்கப் போறீங்களா?" என்று குரல் கொடுத்தாள். அவர் இன்ஜினை ஓடவிட்டபடியே உள்ளே போய்ச் சாப்பிட்டார், திரும்பி வந்தார், மூடியைப் போட்டார்.

மறுநாள் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறும்போது, பின்சீட்டிலிருந்து ஒரு பொடிசு கத்தியது. "அக்கா, ஹீட்டர் போடுங்க, கை விறைக்குது!"

ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் காற்று வருகிற துவாரத்தில் கை வைத்துப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. குமிழைத் தொட்டுப் பார்த்தாள். முழுச் சூட்டில்தான் இருந்தது. சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தாள். அது பாதிக்கும் கீழே, சமர்த்தாக, வழக்கமாக எங்கே நிற்குமோ அதற்கும் கீழே நின்றது. இன்ஜின் சூடாகவே இல்லை என்கிறது முள். ஆனால் மூக்கில் வெல்லப்பாகு காய்ச்சுகிற மாதிரி ஒரு இனிப்பு வாசனை. அது ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட்டின் வாசனை என்று அவளுக்குத் தெரியும். எதை நம்புவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த அந்த நொடியில், முள் கீழேயிருந்து ஒரே எட்டில் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. கண்ணை இமைத்துவிட்டுப் பார்த்தால், பழையபடி கீழே இறங்கி, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருக்கிறது.

வேறு யாராவதாக இருந்தால் முள்தான் கெட்டுப்போய்விட்டது என்று மேட்டை ஏறி முடித்திருப்பார்கள். அவள் ஓரங்கட்டினாள். இன்ஜினை அணைத்தாள். "எல்லாரும் இறங்குங்க. பை வேண்டாம். ஆள் மட்டும் இறங்குங்க" என்று சொல்லி, பிள்ளைகளை ஒரு அச்சகத்தின் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். என் மகள் சொன்னாள், அக்காவின் குரல் அப்போதும் ஏறவே இல்லையாம். திரும்பி வந்து பானட்டைத் தூக்கினாள். வெள்ளை வெள்ளையாகப் புகை. உள்ளே கொதிக்கிற சத்தம்.

எதிரே பெயின்ட் கடை. அங்கிருந்து முதலாளி கையில் ஒரு துணியோடு ஓடிவந்தார். நல்ல மனுஷன்தான், உதவி செய்கிற அவசரம்.

"நகரும்மா, நகரு. மூடியைத் திறந்து தண்ணி ஊத்தினா சரியாயிடும்."

"வேண்டாம் அண்ணே, தொடாதீங்க. ஆறட்டும்."

"நான் பார்க்காத ரேடியேட்டரா? சும்மா இரும்மா."

துணியை மூடிமேல் போட்டு ஒரு திருகு திருகினார். அவள் பாய்ந்து அவரைத் தோளால் இடித்துத் தள்ளியதும் மூடி பறந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. பீச்சியடித்த கொதிநீர் அவளுடைய வலதுகையில் முழங்கையிலிருந்து விரல் வரைக்கும், கழுத்தின் ஒரு பக்கத்திலும் விழுந்தது.

முதலில் வலிக்கவே இல்லையாம். அதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். கையைப் பார்த்தாளாம், தோல் கையுறை மாதிரி சுருங்கி நின்றதாம். யாருடைய கையோ என்று நினைத்தாளாம். அப்படியே மதிலுக்கு அந்தப் பக்கம் நடந்துபோய்ப் பிள்ளைகளை எண்ணினாள். சரியாக இருந்தது. மறுபடி எண்ணினாள். அதன்பிறகுதான் உட்கார்ந்தாள். பெயின்ட் கடைக்காரருக்கு ஒரு கீறல்கூட இல்லை. நடுரோட்டில் உட்கார்ந்து, "என்ன பண்ணிட்டேன், என்ன பண்ணிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதது அவர்தான்.

எனக்கு போன் வந்தபோது அலுவலகத்தில் இருந்தேன். "வேன்... கொதிநீர்... பிள்ளைங்க..." என்று மட்டும்தான் காதில் விழுந்தது. மிச்சத்தைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று இன்றுவரை தெரியாது. மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டபோதுதான் மூச்சே வந்தது.

வேனை வேறொரு மெக்கானிக்கின் ஷெட்டுக்கு இழுத்துப் போனார்கள். அவர் பார்த்துவிட்டுப் பெற்றோர்களாகிய எங்களிடம் சொன்னார். "ஏர் லாக் சார். காத்தைச் சரியா எடுக்காம மூடியிருக்காங்க. சூட்டை அளக்கிற சென்சார் தண்ணிக்குள்ள இருக்கணும். அங்க காத்து நின்னுடுச்சுன்னா, சென்சார் காத்தைத்தான் அளக்கும். பக்கத்துல இரும்பு வெந்துக்கிட்டிருக்கும், முள் மட்டும் சில்லுன்னு காட்டும், கொதிதண்ணி தெறிச்சா ஒரு நொடி எகிறிட்டு இறங்கிடும். ஹீட்டர்ல குளிர்ந்த காத்து வந்ததும் அதனாலதான்."

பிரேக் போகும், டயர் வெடிக்கும் என்றெல்லாம் பயந்திருக்கிறோம். வெறும் காற்றுக்கு யார் பயந்தார்கள்?

"கடைசியா யார் வேலை பார்த்தது?" என்று ஒருவர் கேட்டார். எல்லாருக்கும் தெரியும்.

அண்ணன் மருத்துவமனைக்கு ஓடினார். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அவள் படுத்திருந்தாள். அண்ணி பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்தாள். ரேடியோ வாசலிலேயே நின்றது.

"காத்தை எடுத்தேனே பாப்பா... நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே..."

அவள் கோபமே இல்லாத குரலில் கேட்டாள். "அண்ணா, மூடியைப் போடுறதுக்கு முன்னாடி குமிழி நின்னுடுச்சா?"

சாப்பிட்டுவிட்டு வந்ததும் மூடியைக் கையில் எடுத்ததும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தோமா? தண்ணீர் அசையாமல் நின்றதா? அந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"ஞாபகம் இல்லையே" என்றார்.

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் ஷெட்டின் ஷட்டர் இறங்கியது. அப்புறம் மாதக்கணக்கில் ஏறவே இல்லை. சில நாட்களில் அண்ணன் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் தட்டு அடுக்குகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது தெருவே திடுக்கிட்டது. வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி பஸ்ஸுக்குப் போவார். "என்ன ரேடியோ?" என்றால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேச்சு இல்லை. அண்ணிதான் மாடிக்கும் கீழுக்கும் அலைந்தாள். "உங்க அண்ணன் கை எப்படி இருக்குன்னு கேக்கச் சொன்னாரு." "இருக்குன்னு சொல்லுங்க." "இருக்காம்." கடைசியில் அண்ணியே சலித்துப்போய், "நான் என்ன தபால்பெட்டியா? படிக்கட்டுல நின்னு நீங்களே கத்திக்குங்க" என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அந்தக் கேள்வியும் நின்றுபோயிற்று.

நாலு மாதம் ஆயிற்று அவளுக்குக் கை மடங்க. தழும்பு இழுத்துப் பிடித்ததால் விரல்கள் முழுவதும் மூடாது. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடிந்தது. அந்த மெக்கானிக் வேனில் காற்றை எடுத்து, புதுத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்திருந்தார். ஆனால் பிள்ளைகளை ஏற்ற அவள் ஒப்பவில்லை. தினமும் காலி வேனை அந்த மேட்டில் ஏற்றி இறக்கினாள். முதல் சில நாள் ஹீட்டரில் சூடான காற்று வந்தது. பிறகு ஒருநாள் மறுபடி ஐஸ். மெக்கானிக் மறுபடி காற்றை எடுத்தார். "இப்போ பக்காவா இருக்கு" என்றார். ஒரு வாரம் போவதற்குள் மறுபடியும் ஐஸ்.

மூன்றாவது முறை அவள் யாரிடமும் கொண்டுபோகவில்லை. ஒருநாள் காலையில், பூட்டிய ஷெட்டுக்கு முன்னால், அண்ணன் செய்தது போலவே முன்சக்கரங்களைச் சரிவுப் பலகைமேல் ஏற்றினாள். இன்ஜின் முழுக்க ஆறிவிட்டதா என்று புறங்கையால் பலமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைத் திறந்தாள். ஹீட்டர் முழுச் சூடு. இன்ஜினை ஓடவிட்டு, இடதுகையால் மேல் குழாயைப் பிழிந்தாள். குமிழிகள் வந்தன. ஊற்றினாள். வந்தன. ஊற்றினாள்.

இந்தமுறை குமிழி நிற்கிற வரைக்கும் கண்ணை எடுப்பதில்லை என்று வைராக்கியமாக நின்றாள். இன்ஜின் சூடேறி, தெர்மோஸ்டாட் திறந்து, மேல் குழாய் கை வைக்க முடியாமல் கொதித்தது. விசிறி ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. ஒளிந்திருந்த காற்றாக இருந்தால் இதற்குள் முழுவதும் வெளியே வந்திருக்க வேண்டும். குமிழிகள் நிற்கவில்லை. பெரிது பெரிதாக அல்ல, பாசிமணி கோர்த்தது போலச் சின்னச் சின்னதாக, இன்ஜின் துடிப்புக்குத் தாளம் போட்டுக்கொண்டு வந்தன. பின்கட்டிலிருந்து அண்ணியைக் கூப்பிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னாள். குமிழி பொங்கியது. காலை எடுக்கச் சொன்னாள். குறைந்தது. ஒரு பழைய தட்டால் அந்த ஆவியை முகத்துப் பக்கம் விசிறி முகர்ந்து பார்த்தாள்.

சைலன்சர் புகை வாசனை.

"அண்ணி" என்றாள். தட்டைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி பதறிப்போய், "ஐயோ, மறுபடி சுட்டுடுச்சா?" என்று இறங்கி ஓடிவந்தாள்.

"அது மிச்சம் நின்ன காத்து இல்ல அண்ணி. இன்ஜினே காத்தை உள்ள தள்ளுது."

எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு பஸ் ஏறி, ரொட்டித் தொழிற்சாலைக்கே போய் நின்றாள். அண்ணன் தட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். புருவமெல்லாம் மாவு. அவளைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டு நழுவிற்று.

"வீட்ல யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. குமிழி நிக்கல அண்ணா."

"என்ன?"

"காலையிலேருந்து நின்னு பார்க்குறேன். நிக்கவே மாட்டேங்குது."

மாதக்கணக்கில் ஒரு சொல் பேசாதவர், அந்த இடத்திலேயே மெக்கானிக்காக மாறிவிட்டார். "ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா?"

"கூடுது."

"வாசனை?"

"புகை."

ஒரு மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஹெட் கேஸ்கெட்" என்றார். இன்ஜினின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவில் இருக்கிற தகடு அது. அதில் ஓட்டை விழுந்தால், உள்ளே எரிகிற புகை தண்ணீருக்குள் புகுந்துவிடும். எத்தனை தடவை காற்றை எடுத்தாலும், எடுக்க எடுக்க அது வந்துகொண்டே இருக்கும்.

"அப்போ அன்னிக்கும் இதுதானே? நீ விட்ட காத்து இல்லயே?" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் சொன்ன பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. "அப்படிச் சொல்லிட முடியாது பாப்பா. நான் காத்தை விட்டதால வண்டி வெந்து, வெந்ததால கேஸ்கெட் போயிருக்கலாம். எது முதல்லன்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

தனக்குச் சாதகமாக வந்த பேச்சைத் தானே தள்ளிவிட்ட அந்த மனுஷனைப் பார்த்து அவள் திகைத்து நின்றாள்.

அடுத்த விடுமுறை நாளில் ஷெட்டில் வைத்து இன்ஜினைத் திறந்தார்கள். நானும் போயிருந்தேன். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, இன்ஜினின் தலையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். கேஸ்கெட்டை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு ஓரத்தில் அது அரித்துப் போயிருந்தது. அரித்த இடம் முழுக்கச் செம்பு நிறத்தில் ஏதோ பொடி, இறுகிப் பாறையாகி உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் அந்தப் பொடி பெயர்ந்து, பிள்ளையின் விழுந்த பல் மாதிரி ஒரு சந்து.

அண்ணன் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"என்ன சார் அது?" என்றேன்.

"ஒழுகலை அடைக்கிற பொடி சார். ரேடியேட்டர்ல கொட்டிட்டா ஓட்டையில போய் ஒட்டிக்கும். கேஸ்கெட் போன வண்டியை விக்கிறதுக்கு முன்னாடி சில பேர் போடுவாங்க. இது பல வருஷத்துப் பொடி. நான் அன்னிக்குப் பழைய தண்ணியை வடிச்சு அலசினேன் பாருங்க, அதுல பெயர்ந்திருக்கு. மறுநாள் மேட்டுல இன்ஜின் முக்கினதும் புகை மொத்தமும் தண்ணிக்குள்ள போயிருக்கு."

இத்தனை வருஷமும் என் பிள்ளை ஒரு கைப்பிடிப் பொடியை நம்பித்தான் போய்வந்திருக்கிறாள். நிதானம் அந்தத் தகட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்கும்போதே திறக்கணும்னு சொன்னே. நான்தான் வேண்டாம்னேன்" என்றாள்.

"சொன்னாப் போதுமா? அடம்பிடிச்சுத் திறந்திருக்கணும். அதை விடு" என்றார் அண்ணன். பிறகு முகத்தை முழங்கையில் புதைத்துக்கொண்டு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் குலுங்கினார். அண்ணி அவர் முதுகைத் தட்டிக்கொண்டே, "பேசுங்க, ஏதாவது பேசுங்களேன்" என்றாள்.

வேலை முடிந்து, புதுக் கேஸ்கெட் போட்டு, காற்றை எடுத்தபோது குமிழிகள் கொஞ்ச நேரம் வந்து ஓய்ந்தன. தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. அவள் அந்தப் பழைய தகட்டைப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துக்கொண்டு போய்ப் பெற்றோர் எல்லார் முன்னாலும் வைத்து நடந்ததைச் சொன்னாள். சிலர் பிள்ளைகளைத் திரும்ப அனுப்பினார்கள். சிலர் அனுப்பவில்லை. அவர்களை அவள் குறை சொன்னதில்லை. நான் அனுப்பினேன்.

இனி ஷெட் திறந்துவிடும் என்றுதான் தெருவில் எல்லாரும் நினைத்தோம். அவளும் ஷட்டருக்கு எண்ணெய் போட்டு வைத்தாள். திங்கட்கிழமை காலையில் அண்ணன் வெள்ளைத் தொப்பியோடு வெளியே வந்தார்.

"எங்கண்ணா கிளம்பிட்டே?"

"வேலைக்கு."

"இதான் உன் வேலை! உன் மேல தப்பு இல்லன்னு ஆயிடுச்சேண்ணா!"

"அது இப்போ தெரிஞ்சது. நாலு மாசம் நான்தான் பண்ணேன்னு நானே நம்பினேனே, அது எங்க போகும்?" அவர் குரலில் வருத்தம் கூட இல்லை. "உன் வண்டியை மூடிட்டு எத்தனை தடவை திறந்து பார்த்தேன் தெரியுமா? கை மூடுது, மனசு மூட மாட்டேங்குது. இப்படி இருக்கிறவன் ஊரார் வண்டியைத் தொடக் கூடாது பாப்பா. அங்கே அடுப்புப் பக்கத்துல நின்னா எனக்கு நல்லாத் தூக்கம் வருது."

கொதிநீர் விழுந்த அன்றைக்குக்கூட அவள் முகம் அப்படி வெளிறிப் போனதில்லை என்று அண்ணி சொன்னாள். வெந்தது தன் கை மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரியில நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள்.

"நீ கேக்கலேன்னா நானே என்னைக் கேட்டிருப்பேன். பஸ் வந்துடும், வரேன்."

அவரை மாற்ற அவள் அதன்பிறகு முயலவில்லை. இப்போது அந்த ஷெட்டைத் திறந்து தன் வேனின் வேலைகளை அவளே பார்க்கிறாள். மூடாத விரல்களால் ஸ்பானரைப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அக்கம்பக்கத்து வண்டிகள் சிலவும், காற்று எடுக்க மட்டும், அவளிடம் வருகின்றன. எவ்வளவு நேரம் ஆனாலும் அவள் மூடியை அவசரப்பட்டுப் போடுவதில்லை என்பதால் வருகின்றன.

ஷிப்ட் முடிந்து வருகிற அண்ணன், சூடு ஆறாத ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து ஷெட்டின் வாசல் கம்பியில் மாட்டுவார். உள்ளே வருவதில்லை. போன வாரம் நான் அங்கே நின்றிருந்தேன். அவள் ஒரு டாக்சிக்குக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தக் குழாய்க் கிளிப்பு இன்னும் அரைச் சுத்து" என்றார்.

அவள் நிமிராமலே அரைச் சுற்று முறுக்கினாள்.